டஸ்டரைக் கீழே வையுங்கள்

மார்ச் 3

அக்காவுக்கு,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அதை இந்த முறை விட்டுவிடுகிறேன். பதினான்கு வருஷமாக நீ என்னோடு பேசுவதில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. போன வாரம் உன் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதக்கூடாது என்று எனக்குத் தடையும் போட்டுவிட்டாய். தபால்காரரைத் தடுக்கிற பொத்தான் உன்னிடம் இருக்காது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

‘சாக்பீஸ்’ என்ற பெயரில் அங்கே நிர்வாகியாக இருப்பது நீதான். இல்லை என்று சொல்லாதே. தடைக்கு முன்னால் எனக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்:

“அன்புள்ள பயனரே, நாற்பது பேர் ஒரே கரும்பலகையில் எழுதும் வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மட்டும் டஸ்டரோடு நின்றால் மற்றவர்கள் எழுதுவது எப்படி? நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் வந்திருக்கிறீர்கள் என்று நம்புகிறோம். டஸ்டரைக் கீழே வையுங்கள்.”

எனக்கு ஆறு வயது, உனக்குப் பன்னிரண்டு. அறைக் கதவின் பின்பக்கம்தான் கரும்பலகை. நீ டீச்சர், நான் மட்டுமே மாணவி. நீ எழுத எழுத நான் அழிப்பேன். இதே கடைசி வரியை அன்றைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

உன் கலைக்களஞ்சியத்தில் நான் அழித்தது ஒரே ஒரு வரி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ரயில்வே கேட்டில் நடந்த விபத்தைப் பற்றிய கட்டுரையில், “கேட்கீப்பர் பணியில் தூங்கிவிட்டதே விபத்துக்குக் காரணம்” என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் என் வீட்டுக்காரரின் முழுப்பெயர். அதில் இறந்த பதினோரு பேரும் போனது உன் பள்ளிக்கூடத்துப் பேருந்தில். அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் விசாரணையில் அவர் மேல் குற்றமில்லை என்றுதான் தீர்ப்பானது. அந்த வரியை மட்டும் எடுத்துவிடு. மற்றதெல்லாம் இருக்கட்டும்.

தங்கை


மார்ச் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் படியிறங்கும்போது முனகுகிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் நலமென்று நம்புகிறேன். பார், இரண்டு வரிதான் ஆயிற்று.

ஆமாம், சாக்பீஸ் நான்தான். உன் இரண்டாவது கணக்கிலேயே உன்னைத் தெரிந்துகொண்டேன். “இந்தக் கட்டுரையைப் பிரித்துத் தைக்க வேண்டும்” என்று ஒரு தையல்காரியைத் தவிர வேறு யார் எழுதுவார்கள்? தெரிந்த பிறகுதான் தடை போட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீ ஆறுதல் தேடிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீ செய்த தவறை உனக்குப் புரியும்படி சொல்கிறேன். வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரே பிள்ளை மூன்று குரலில் “உள்ளேன் டீச்சர்” என்று சொன்னால் என்ன செய்வோம்? நீ அதைத்தான் செய்தாய். ‘மழைத்துளி’ அழித்தாள், நான் திரும்பப் போட்டேன். ‘நேர்மை’ வந்து மழைத்துளி சொல்வதுதான் சரி என்றாள். பிறகு ‘வழிப்போக்கன்’ வந்து இருவரும் சொல்வது சரி என்றான். மூன்று பேரும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து வந்தார்கள். எங்களுக்கு அது தெரியும். இப்படி ஒருவரே பல பெயரில் வந்தால் கைப்பாவைக் கணக்கு என்போம். அதற்கு மன்னிப்புக் கிடையாது.

இரண்டாவது, சான்று. ஒரு குழந்தை “எங்க வீட்டுல யானை இருக்கு டீச்சர்” என்றால் நான் இல்லை என்று சொல்லமாட்டேன். “எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கு, காட்டு” என்பேன். அந்த வரிக்குக் கீழே நாளிதழ் ஒன்று சான்றாக இருக்கிறது. விபத்தின் பத்தாம் ஆண்டு நினைவுக் கட்டுரை. உன் பக்கத்தில் என்ன இருக்கிறது? உன் மனசு. மனசை அடிக்குறிப்பில் போட முடியாதம்மா.

கண்ணை ரொம்ப வருத்தாதே. ஊசியில் நூல் கோக்கிற கண் அது.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

சான்று கேட்டாய். இதோடு பதினேழு பக்கம் வைத்திருக்கிறேன். விசாரணை அறிக்கையின் நகல். ஒன்பதாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். ரயில் கிளம்பியதும் ஸ்டேஷனிலிருந்து கேட் அறைக்கு மணி அடிக்க வேண்டும். மணிக்கு வருகிற கம்பியை எலி கடித்திருந்தது. மணி அடித்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதி, இரண்டு அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது ஏன் இவ்வளவு அவசரம் என்று நீ கேட்பாய். போன ஜூனில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. எங்கள் தெருமுனைப் பள்ளிக்கு முன்னால், காலையும் மாலையும் சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் வேலை. ஓய்வு பெற்றவர்களைத்தான் வைக்கிறார்கள். நானே விண்ணப்பம் எழுதிப் போட்டேன். அவருக்குத் தெரியாமல்.

அந்த விபத்துக்குப் பிறகு அவர் பேசிய பேச்சை ஒரு ரூல்டு பேப்பரில் எழுதிவிடலாம். குடோனில் பெட்டி எண்ணினார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார். இப்போது சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும் கதை சொல்கிறார். ஒருத்தி பல் விழுந்ததைக் கொண்டுவந்து அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டாளாம். ஒருவன் அவர் பலகையைத் தானும் பிடிக்க வேண்டும் என்று அழுதானாம். பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஸ்டாப் தாத்தா’. என்னையும் ஒருத்தி கடையில் பார்த்து “ஸ்டாப் பாட்டி” என்றாள்.

பெற்றோர்கள் போனில் பெயரைத் தட்டிப் பார்க்கிற காலம் இது. முதலில் வருவது உன் பக்கம்தான். இன்னும் யாரும் தட்டவில்லை. தட்டுவதற்குள் எடுத்துவிடு என்றுதான் மூன்று பெயரில் வந்தேன். தப்புத்தான். முப்பது பெயரிலும் வந்திருப்பேன்.

தங்கை


மார்ச் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

அறிக்கையை மூன்று நாள் எடுத்து நிதானமாகப் படித்தேன். தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது வெளியிடப்படாத ஆவணம். உன் பீரோவில் இருப்பதை உலகத்தில் வேறெங்கோ உட்கார்ந்திருக்கும் வாசகர் எப்படிச் சரிபார்ப்பார்? ஒவ்வொருவரையும் உன் வீட்டுக்கு அழைத்துப் பீரோவைத் திறந்து காட்டுவாயா? எனவே ஏற்க முடியவில்லை. நகலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பென்சில் கோடுகளை அழிக்கவில்லை.

உன் கடிதத்தின் கடைசி வரியை மட்டும், உறவைச் சொல்லாமல், கைப்பாவை விசாரணைப் பக்கத்தில் ஒப்புதலாகச் சேர்த்திருக்கிறேன். “முப்பது பெயரிலும் வந்திருப்பேன்” என்று நீயே எழுதிக்கொடுத்த பிறகு மற்ற நிர்வாகிகளுக்கு வேலை சுலபமாகிவிட்டது. உன் தடை இனி நிரந்தரம்.

இப்போது நிர்வாகியாக இல்லாமல் அக்காவாகச் சில வரி.

என் அலமாரியில் நாலு நோட்டு இருக்கிறது. அந்த வாரம் பெருக்கல் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நோட்டுகளை வாங்கிவந்து, சனி ஞாயிறில் திருத்தி, திங்கட்கிழமை கொடுப்பது என் வழக்கம். திங்கட்கிழமை காலை கேட்டில் அது நடந்தது. முப்பத்தெட்டு நோட்டை முப்பத்தெட்டுப் பேர் வாங்கிக்கொண்டார்கள். முன் பெஞ்சு முணுமுணுப்புக்காரி, எதையும் பெரிதாக எழுதுகிறவன், இரட்டைச் சடைக்காரி, அவளுடைய தம்பி என்று எல்லோரும் நினைத்த அவள் சித்தப்பா மகன்: இந்த நாலு பேருடையதும் என்னிடமே நின்றுவிட்டது. பெரிதாக எழுதுகிறவனுக்கு அந்த வாரம் பத்துக்குப் பத்து. முதல் தடவை. அவனுக்கு அது தெரியாது.

நீ சொல்லும் ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்ற வாக்கியம் எனக்குப் போதாது. அந்த வரி உண்மை. எனக்கு அது எப்படித் தெரியும் என்பது உனக்கும் தெரியும்.

இன்னொன்று. உன் தெருமுனைப் பள்ளியின் தலைமையாசிரியை என்னோடு பத்து வருஷம் வேலை பார்த்தவர். பிள்ளைகள் சாலையைக் கடக்க யார் கையை நீட்டுகிறார் என்று தெரிந்த பிறகு, பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தவறாகச் சொல்லவில்லை. பக்கத்தின் முகவரியை மட்டும் அனுப்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

வேலை போய்விட்டது. உனக்குச் செய்தி வந்திருக்கும். தலைமையாசிரியை மரியாதையாகத்தான் சொன்னாராம். “உங்க மேல எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, பெரியவரே. பேரண்ட்ஸ் கேட்கிறாங்க” என்றாராம். பேரண்ட்ஸ் யாரும் கேட்கவில்லை என்பது உனக்கும் அவருக்கும் தெரியும். பலகையை என் வீட்டுக்காரரே கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் அழவில்லை. கடையை இழுத்துச் சாத்திவிட்டு உன் பக்கத்தைத் திறந்தேன். எழுதத்தான் எனக்குத் தடை. படிக்கத் தடை இல்லையே. மேலே ‘வரலாறு’ என்று ஒரு சுட்டி இருக்கிறது. அந்தக் கட்டுரையில் யார், எந்த நாள், எந்த வரியைத் தொட்டார்கள் என்று முதல் நாளிலிருந்து எல்லாமே அங்கே இருக்கிறது. எதையும் அழிக்க முடியாதாம். துணியைத் திருப்பிப் பார்த்தால் தையல் தெரியுமே, அதுபோல. ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன். இரண்டு நாள் ஆயிற்று.

நாளிதழில் அந்தச் செய்தி வந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். உன் கட்டுரையில் அந்த வரி ஏறியது பதினான்கு வருஷத்துக்கு முன்னால். அப்போது அதற்குக் கீழே எந்தச் சான்றும் கிடையாது. ஐந்து வருஷம் அது சும்மாவே நின்றிருக்கிறது. நிருபர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அடுத்த மாதமே நிருபர் எழுதியதைச் சான்றாக அதற்குக் கீழே ஒட்டிவிட்டார்கள். யானை இருக்கிறது என்று சொன்னதும் நீ, பிறகு யானைப் புத்தகத்தைக் காட்டியதும் நீ.

எழுதியவர் பெயர், சாக்பீஸ். நாள், ஆகஸ்ட் 19. நான் உன் வீட்டுக்கு வந்தது ஆகஸ்ட் 16. உன் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து வருஷமாக அடக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். மூன்றே சொல். “அவருக்குக் கண் அசந்துடுச்சுக்கா.” நீ அடுப்பை அணைத்துவிட்டு என் தலையைத் தடவினாய். அதற்குப் பிறகுதான் நீ என்னோடு பேசுவதை நிறுத்தினாய். நான் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண் அசந்தது என்றுதான் சொன்னேன். அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. மணி அடித்ததா என்று அவருக்கே தெரியாது. அதுதான் அவரைத் தின்கிறது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் என்ன செய்தோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டுமாமே. நீ எழுதியிருக்கும் குறிப்பைப் பார்த்தேன்: “சிறு திருத்தம்.”

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாக “பேப்பர்காரன் எதையாவது குத்துமதிப்பா எழுதுவான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேப்பருக்கு ஐந்து வருஷம் முந்தின தேதியைப் பார்த்துவிட்டார். கண் அசந்ததை அவர் உலகத்தில் ஒரே ஆளிடம், என்னிடம்தான் சொல்லியிருக்கிறார்.

“யார்கிட்ட சொன்ன?”

“அக்காகிட்ட மட்டும்தான்.”

“மட்டும்தான்” என்று அவர் திருப்பிச் சொன்னார். அதட்டவில்லை. போய்த் தன் டீ கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் கிளாஸை அவர் கழுவியதில்லை. அன்றிலிருந்து தினமும் கழுவுகிறார்.

உன் தளத்தில் நிர்வாகிகள் மேலேயே புகார் கொடுக்க ஒரு குழு இருக்கிறது. தடை பட்டவர்களும் எழுதலாமாம். நான் எழுதப் போகிறேன். உன் கடிதங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 11

சின்னவளே,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். புகார் கொடுக்காதே.

எனக்காகச் சொல்லவில்லை. நீ நம்பமாட்டாய், பரவாயில்லை, படி. ஒருமுறை என் வகுப்பில் ஒருத்தி, பக்கத்திலிருந்தவன் தன் தாளைப் பார்த்து எழுதினான் என்று புகார் சொன்னாள். நிரூபிப்பதற்காகத் தன் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதைப் படித்தபோதுதான் தெரிந்தது, அவளே மேசைக்கடியில் புத்தகத்தை வைத்து எழுதியிருக்கிறாள். புகார் சொல்லாமல் இருந்தால் அவளை யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். இருவருக்கும் சைபர் போட்டேன்.

அந்தக் குழுவுக்கு நீ எழுதுவதெல்லாம் பொதுப் பக்கத்தில் வரும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் சான்றில்லாமல் எழுதினேன் என்று நிரூபிக்க, எனக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று நீ சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொன்ன நிமிஷம் அந்த வரிக்கு உன்னைவிட நல்ல சான்று உலகத்தில் கிடையாது. இப்போது இருப்பது ஒரு நிருபரின் சோம்பேறித்தனம். அதை நாளைக்கே யாராவது கேள்வி கேட்டு எடுத்துவிடலாம். மனைவியின் வாய்ச்சொல்லை யார் எடுப்பார்கள்?

ஆம், எழுதியது நான்தான். நீ போன பிறகு மூன்று நாள் நாலு நோட்டையும் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடம் போய்ச் சொல்வேன்? போலீஸில் சொன்னால் உன் வீடு போய்விடும். சொல்லாவிட்டால் அந்த நாலு பேருக்கு என்ன பதில்? ஊர் பேர் தெரியாத ஒரு பெட்டியில் ஒரு வரி எழுதிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். ‘சிறு திருத்தம்’ என்று போட்டால் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். அதற்காகத்தான் போட்டேன். பெரிய மனசு ஒன்றும் இல்லை.

வரியை எடுக்கமாட்டேன். “எனக் கூறப்படுகிறது” என்று வேண்டுமானால் சேர்க்கிறேன். உனக்காக அவ்வளவுதான் என்னால் இறங்கிவர முடியும்.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

பயம் வந்தால் நீயும் உதாரணம் சொல்லித்தான் பயப்படுகிறாய். விரைவுத் தபாலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான்கு நாள் உட்கார்ந்து புகாரை எழுதினேன். கோணல் இல்லாமல், பிசிறு இல்லாமல், உன் தங்கை எழுதியது போலவே.

நேற்று முடிவு சொன்னார்கள். தனக்குச் சொந்தமான விஷயத்தில் தானே நீதிபதியாக இருந்தது, சான்றில்லாமல் ஒருவரைப் பற்றி எழுதியது, எதிர்த்துக் கேட்டவரைத் தடை செய்தது. மூன்றுக்கும் சேர்த்து உன் அதிகாரத்தைப் பறித்துவிட்டார்கள். உனக்கும் நிரந்தரத் தடை. வரியை எடுத்துவிட்டார்கள். நானே திறந்து பார்த்தேன். அது இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

உன் பயனர் பக்கத்தில் யாரோ ஒரு புதுப் பையன் அதே எச்சரிக்கையை ஒட்டியிருக்கிறான். அவனுக்கு அதை எழுதியது யாரென்று தெரிந்திருக்காது. அங்கே எல்லோரும் அதைத்தான் ஒட்டுகிறார்களாமே. நாற்பது பேர், ஒரே கரும்பலகை. “நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் வந்திருக்கிறீர்கள் என்று நம்புகிறோம்.” சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த ஊசி விழுந்துவிட்டது.

டஸ்டரைக் கீழே வை, அக்கா.

அவரிடம் காட்டினேன். பார்த்தார். “சரி” என்றார். கிளாஸைக் கழுவினார். நாளைக்கு மாறிவிடுவார்.

தங்கை


மே 19

அன்புள்ள சின்னவளுக்கு,

நிர்வாகியாக இருந்த பன்னிரண்டு வருஷமும் தினமும் காலை எழுந்ததும் அந்தத் தளத்தைத்தான் திறப்பேன். கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போகிறவர்கள், தன் கடையைப் பற்றித் தானே புகழ்ந்து எழுதுகிறவர்கள், இருவர் சண்டையில் எரியும் கட்டுரைகள். ஒவ்வொருவரிடமும் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவருவேன். இப்போதும் காலையில் திறக்கிறேன். தப்பு கண்ணில் படுகிறது. கை போகிறது. “உங்களுக்குத் தொகுக்கும் உரிமை இல்லை” என்று வருகிறது. எப்படிப்பட்ட தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. இந்த வேதனையை நீ அனுபவித்தபோதே எழுதியிருக்கலாம், எழுதவில்லை. உனக்கு மரியாதை தெரியும்.

அதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை இணைய நாளிதழில் வந்ததைப் பார்த்திருப்பாய். பார்க்காவிட்டால் இதோடு வைத்திருக்கிறேன். “கேட்கீப்பர் தூங்கியதை மனைவியே ஒப்புக்கொண்டார்: அக்கா தங்கை சண்டையில் வெளிவந்த பத்தொன்பது வருஷ உண்மை.” உன் புகாரிலிருந்து ஆறு வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அரை மணி நேரம் தூங்கினார் என்று அவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் இன்னொரு பத்திரிகை அதைப் பார்த்து எழுதியது.

புதன்கிழமை வரி திரும்பி வந்துவிட்டது. நான் போடவில்லை, என்னால் முடியாது. யாரோ ஒருவர், நல்ல தொகுப்பாளர், விதிப்படி செய்திருக்கிறார். “கேட்கீப்பர் அரை மணி நேரம் தூங்கிவிட்டதே விபத்துக்குக் காரணம், இதை அவர் மனைவி உறுதிப்படுத்தியுள்ளார்.” கீழே இரண்டு சான்று. இனி அதை நீயோ நானோ வேறு யாரோ எடுக்க முடியாது. எடுக்க வருகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

யோசித்துப் பார்த்தால், நீயும் நானும் சேர்ந்து எழுதிய ஒரே கட்டுரை இதுதான்.

பெரிதாக எழுதுகிறவனின் அம்மா எங்கிருந்தோ என் எண்ணைக் கண்டுபிடித்துப் போன் செய்தாள். உண்மையை விடாமல் பிடித்து நின்றதற்கு நன்றி சொன்னாள். அவளிடம் நோட்டைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? நன்றியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

நான் சொன்னேன் இல்லையா என்று எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சொன்னேன் இல்லையா?

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

இது கடைசிக் கடிதம். பதில் போடாதே, வந்தால் பிரிக்கமாட்டேன்.

செய்தியை நான் அவரிடம் காட்டவில்லை. காய்கறிக் கடையில் யாரோ காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

“அரை மணின்னு போட்டிருக்காங்க” என்றார். “அவ்வளவு இல்ல. ரெண்டு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தேன், கண்ணை மூடினேன், பார்த்தேன். ரெண்டு நிமிஷம். அதை மட்டும் மாத்தச் சொல்லேன்.”

எனக்குத் தடை என்றேன். “உங்க அக்காவுக்கு?” அவளுக்கும் தடை என்றேன். யோசித்தார். “நான் எழுதலாமா?” என்றார்.

யாரும் எழுதலாம் என்றுதானே முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள்.

கணக்கு நானே தொடங்கிக் கொடுத்தேன். பெயர் என்ன வைக்கட்டும் என்று கேட்டேன். “என் பேருதான்” என்றார். மூன்று பொய்ப் பெயர் வைத்தவள் நான். அவர் தன் முழுப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பிறகு போனை வாங்கிக்கொண்டு, ஒற்றை விரலால், ஒரு மணி நேரம் எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. முடித்துவிட்டுக் காட்டினார். இருக்கிற வரியில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. அதற்குக் கீழே எழுதியிருந்தார்:

“நான்தான் அந்தக் கேட்கீப்பர். தூங்கியது உண்மை. அரை மணி நேரம் இல்லை, இரண்டு நிமிடம். மணி அடித்ததா என்று எனக்குத் தெரியாது. அடித்திருந்தால் என் தப்பு. பதினோரு பேரின் பெயரும் எனக்குத் தெரியும்.”

அதற்குக் கீழே பதினோரு பெயர். உன் நாலு பேரும் அதில் இருந்தார்கள். அந்தச் சித்தப்பா மகனின் முழுப்பெயர் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இவருக்கு இருந்தது.

பத்தொன்பது வருஷமாக ஒருவரிடம் மட்டும் சொன்னதை எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். அன்றைக்கு டீ கிளாஸை என் கையில் கொடுத்தார், கழுவ. நான் அதை வாங்கி வைத்துவிட்டு வந்து பார்ப்பதற்குள் எழுதியதை எடுத்துவிட்டிருந்தார்கள். காரணம்: “சான்று இல்லை.” அரை மணி அப்படியே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. ஒரே வீட்டு இணைப்பு, அதனால் அவர் என்னுடைய நாலாவது கைப்பாவையாம். நிரந்தரத் தடை. அதோடு உன் எச்சரிக்கை.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை முழுசாகப் படித்தார். நாற்பது பேர், ஒரே கரும்பலகை என்று மெதுவாக வாய்விட்டுப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, அக்கா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார்.

“டஸ்டரைக் கீழே வைங்கங்கிறாங்க. நான் எதையும் அழிக்கலையே. எழுதத்தானே செஞ்சேன்?”